தாழிக்கு முகம் உண்டா?

குயவன் வனைந்த பானையின் உறுப்புகளுக்குத் தமிழர் இட்டு வழங்கும் பெயர்களை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று. வாய் என்கிறோம், கழுத்து என்கிறோம், வயிறு என்கிறோம். இவை யாவும் மனித உடலின் பெயர்களேயாம். பானையை ஓர் உடலாகக் கண்டவர்களின் நாவிலே பிறந்த பெயர்கள் இவை. ஆங்கிலம் முதலிய பிற மொழிகளிலும் இத்தகைய வழக்கு உண்டு. ஆகவே, கலத்தை உடலாகக் காண்பது ஒரு நாட்டாரின் தனியுடைமை அன்று. களிமண்ணைக் கையில் எடுத்த மக்கள் பலருக்கும் பொதுவான எண்ணம் அது.

இவ்வளவு எளிய செய்தியை விரித்துரைக்க வேண்டிய தேவை இன்று உண்டாகியிருக்கிறது. நம் இலக்கியக் கூட்டங்களிலே மெக்சிக்கோ நாட்டுச் சுடுமண் உருவங்களின் படங்களைக் காட்டி, இவையும் தமிழர் கைவண்ணமே என்றும், மாயர் என்பார் மயன் வழிவந்தோரே என்றும் முழங்குவோரைக் காண்கிறேன். கேட்போர் கைதட்டுகின்றனர். மறுநாள் மாணவன் அதனையே வரலாறு என்று விடைத்தாளில் எழுதிவிடுகிறான். அவ்விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியர்களுள் ஒருவன் என்ற முறையில், நாவலப்பிட்டியிலிருந்து இதுபற்றிச் சில சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

தென் மெக்சிக்கோவிலே ஓவஹாக்கா என்றொரு மாநிலம் உண்டு. அங்கே சப்போட்டெக் என்னும் மக்கள் கி.மு. 500 அளவில் மொந்தே அல்பான் என்ற மலைமீது ஒரு நகரை எழுப்பினர். கி.பி. 800 அளவில் அந்நகர் சிறப்புக் குன்றியது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில், சாம்பல் நிறக் களிமண்ணாலான உருவக் கலங்களை அவர்கள் தம் பெரியோரின் கல்லறைகளிலே வைத்தனர். முன்னின்று நோக்கினால், கால்களை மடக்கி, கைகளை முழங்கால்மீது இருத்தி அமர்ந்த ஓர் உருவம் தோன்றும். அதற்குப் பெரிய தலையணியும் காதணியும் உண்டு. பின்னின்று நோக்கினாலோ வெறும் உருளைக் கலமே தெரியும். ஈமத்தாழி என்று மேனாட்டார் பெயரிட்டபோதிலும், எலும்போ சாம்பலோ இட்டுவைக்க அவை பயன்பட்டனவல்ல. பெரும்பாலும் வெறுமையாகவே கிடைத்துள்ளன.

இவ்வுருவங்களுட் பலவற்றில் பிளந்த நாவும் விலங்கு முகமும் கலந்த ஒரு தோற்றம் காணப்படுகிறது. அதனைக் கோசிஹோ என்பர். அச்சொல் அம்மக்கள் மொழியில் மின்னலைக் குறிப்பது. மழைக்குரிய ஆற்றலும் அதுவே. அல்போன்சோ காசோவும் இக்னாசியோ பெர்னாலும் 1952ஆம் ஆண்டில் வெளியிட்ட பெருநூலில் இக்கலங்களை வகைப்படுத்தி, அவற்றிற் பலவற்றைத் தெய்வ வடிவங்கள் என்றே விளக்கினர். பின்வந்த ஜாய்ஸ் மார்க்கஸ் என்னும் அம்மையார் அதனை மறுத்தார். சில கலங்களில் நாட்பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. பிறந்த நாளின் பெயரையே மனிதனுக்கு இடுவது அம்மக்கள் வழக்கம். ஆதலால் அவை தெய்வங்கள் அல்ல, தெய்வத்தின் முகமூடி தரித்த முன்னோர் என்பது அவர் வாதம். ஒரே உருவத்தை ஒருவர் கடவுள் என்கிறார். மற்றவர் பாட்டன் என்கிறார். கல்லறையில் கலம் இருந்த இடத்தையும், உடன் கிடைத்த பொருள்களையும், எழுத்தையும் சான்றாக வைத்தே இருவரும் வழக்காடுகின்றனர். இவ்வழக்கின் நேர்மையை நம் மாணவர் கற்கவேண்டும்.

இனி, இக்கலங்கள் தமிழர் செய்தவை ஆகுமா? ஐரோப்பியர் வருகைக்கு முன் அமெரிக்கக் கண்டத்திலே குயவர் சக்கரம் வழங்கவில்லை. அங்குள்ளோர் கையாலும் அச்சாலுமே கலங்களை ஆக்கினர். தமிழகத்துக் குயவனோ பண்டுதொட்டுச் சக்கரம் சுழற்றியவன். கடல் கடந்து தெய்வத்தையும் சிற்பத்தையும் கொண்டு சென்றவன், தன் தொழிலுக்கு உயிராகிய சக்கரத்தை மட்டும் கரையிலே விட்டுச் சென்றான் என்பது நம்பத்தக்கதன்று. மேலும், மாயரும் சப்போட்டெக் மக்களும் வெவ்வேறு மொழியினர். சப்போட்டெக் மக்கள் மறைந்தொழிந்தவர்களும் அல்லர். இன்றும் இலட்சக்கணக்கானோர் அம்மொழிகளைப் பேசி அம்மாநிலத்திலே வாழ்கின்றனர். அவர்தம் பாட்டன்மாரை நம் பாட்டன்மார் என்று நாம் எடுத்துக்கொள்வது பெருமையாகாது, அது களவு.

இங்கே மற்றொரு செய்தியும் நினைவிற் கொள்ளத்தக்கது. 19ஆம் நூற்றாண்டின் முடிவிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் மேனாட்டுச் செல்வர் இக்கலங்களை விரும்பி வாங்கினர். விருப்பம் மிகவே, ஓவஹாக்காவிலே போலிகளும் மிகுந்தன. பழைய கலத்தைப் பார்த்தும், பழைய உறுப்புகளைப் புதிய மண்ணில் ஒட்டியும் கைதேர்ந்தோர் புதியன செய்தனர். பெயர்பெற்ற நூதனசாலைகளிலும் அவை புகுந்தன. மண் சுடப்பட்ட காலத்தைக் கணிக்கும் வெப்ப ஒளிர்வுச் சோதனை வந்த பின்னரே பலவற்றின் பொய்ம்மை வெளிப்பட்டது. அதற்குள் அப்போலிகளை வைத்தே தெய்வங்களின் இலக்கணம் வகுத்த ஆராய்ச்சிகளும் எழுதப்பட்டுவிட்டன. வாங்குவோரின் ஆசையே போலியை வனையச் செய்தது. பழம்பெருமையின்மீது நமக்குள்ள ஆசையும் அவ்வாறே மண்ணிற் போலி செய்யாவிடினும் பொருளிற் போலி செய்கிறது.

நமக்குரிய தாழிகள் இல்லையா? உண்டு. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூரில் 1876ஆம் ஆண்டு ஜாகோர் என்னும் ஜெர்மானியர் முதலில் அகழ்ந்தார். அலெக்சாண்டர் ரே 1899 முதல் 1905 வரை அகழ்ந்து, முதுமக்கள் தாழிகளோடு பொற்பட்டங்களையும், விலங்குருவும் பறவையுருவும் அமைந்த வெண்கலக் கலங்களையும் வெளிப்படுத்தினார். நூறாண்டு கழித்து, 2004-05இல் சத்தியமூர்த்தி தலைமையில் இந்தியத் தொல்லியல் துறையினர் மீண்டும் அகழ்ந்தனர். அப்போது கிடைத்த பொருள்களில் இரண்டின் காலம் கி.மு. 905 எனவும் கி.மு. 696 எனவும் கணிக்கப்பட்டு, 2019இல் வெளியாயிற்று.

அவ்வகழ்விற் கிடைத்த தாழியோடு ஒன்று நம் கருத்துக்கு இன்றியமையாதது. களிமண்ணை ஒட்டிச் செய்த உருவங்கள் அதில் உள்ளன: நின்ற கோலத்தில் ஒரு பெண், அவளருகே ஒரு பயிர், ஒரு பறவை, ஒரு மான், முதலை என்றோ பல்லி என்றோ சொல்லத்தக்க ஓர் ஊர்வன. இதனைக் காணும் தமிழ் மாணவனுக்கு உடனே புறநானூற்றுப் பாட்டு ஒன்று நினைவுக்கு வரும். கணவனை இழந்த ஒருத்தி, தனக்கும் இடம் இருக்குமாறு தாழியை அகலமாக வனையும்படி குயவனை இரந்து வேண்டும் பாட்டு அது. அவள் தன்னை வண்டியின் ஆரத்திலே ஒட்டிவந்த பல்லிக்கு உவமிக்கிறாள். பாட்டிலே பெண்ணும் பல்லியும் தாழியும். ஓட்டிலே பெண்ணும் பல்லிபோன்றதும் தாழியும். இரண்டையும் முடிச்சிட மனம் துடிக்கத்தான் செய்யும். ஆயினும் முடிச்சிடலாகாது. தாழிக்கும் பாட்டுக்கும் இடையே பல நூற்றாண்டுகள் கிடக்கின்றன. அந்த ஊர்வன பல்லிதானா என்பதே துணியப்படவில்லை. பாட்டு நமக்குச் சொல்வது வேறொன்று: தாழியை வெறும் பெட்டியாகக் கருதாமல், இருவர் சேர்ந்து உறையும் இல்லமாகக் கருதிய நெஞ்சம் இருந்தது என்பது. அதுவே போதிய செல்வம்.

ஈழத்திலும் தாழிக்காடு உண்டு. புத்தளம் மாவட்டத்துப் பொன்பரிப்பிலே 1924இல் ஹோகார்ட் காலத்திலும், 1956இல் தெரணியகல காலத்திலும், 1970இல் விமலா பெக்லி குழுவினராலும் ஆய்வுகள் நிகழ்ந்தன. கறுப்பு-சிவப்பு மட்கலங்களோடு மாந்தர் எலும்புகளைக் கொண்ட அத்தாழிகள், ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்தவை எனப் பலர் எழுதியுள்ளனர். அம்மாவட்டத்துத் தப்போவையிலும், மரதன்மடுவையிலும் கிடைத்த சுடுமண் மனித உருவங்களைப் பற்றியும் தெரணியகல எழுதியுள்ளார்.

இவை யாருடையவை என்ற வினாவே இந்நாட்டில் முதலில் எழுகிறது. தமிழர் ஒரு பக்கமும் சிங்களர் ஒரு பக்கமும் நின்று தாழியின் வாயைப் பற்றி இழுக்கின்றனர். தாழிக்குள் உறங்குவோர் தம்மை எப்பெயரால் அழைத்துக்கொண்டனர் என்பதை எந்த ஓடும் நமக்குச் சொல்லவில்லை. இந்நாட்டின் இரு மொழியினரும் பழங்குடியினர் பலரின் வழிவந்து, மொழியாலும் பண்பாட்டாலும் காலப்போக்கில் உருவானவர்கள் என்று பேராசிரியர் இந்திரபாலா தம் பிற்கால நூலிலே நிறுவ முயன்றார். அவர் முடிவை எல்லாரும் ஏற்கவேண்டுமென்பதில்லை. அவர் வினவிய முறையை நாம் ஏற்கலாம். தாழி காணியுறுதி அன்று. அதனைக் காட்டி நிலம் கேட்கவும் இயலாது. பிறனை வெளியேற்றவும் இயலாது.

மலையகத்து ஆசிரியர் சிலர் என்னிடம், "நமக்கோ தாழியும் இல்லை, கல்வெட்டும் இல்லை, நம் பிள்ளைகளுக்கு எதைக் காட்டிப் பழமை சொல்வது?" என்று வருந்துவதுண்டு. அவர்களின் வருத்தத்தை நான் மதிக்கிறேன். தோட்டத்திலே உழைத்து மாண்டவர்களின் புதைகுழிகள்மீது தேயிலை வளர்ந்து நிற்கிறதென்பதும் மெய்யே. ஆனால் தாழியை வனைந்த எண்ணம் மண்ணுக்கடியில் மட்டும் கிடக்கவில்லை. கோயிலிலே கும்பம் வைக்கும் முறையை நோக்குங்கள். சுற்றிய நூல் நரம்பு, உள்ளே நீர் குருதி, மேலே தேங்காய் தலை எனச் சைவ மரபு விளக்கும். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் ஆற்றங்கரையிலே கரகம் பாலித்து, வேப்பிலையும் பூவும் சூட்டி, அக்குடத்தை அம்மனாகவே தலைமேல் ஏற்றி வருகின்றனர். ஈமச் சடங்கிலே தோளில் ஏந்திய நீர்க்குடத்தைத் துளையிட்டுச் சுற்றி, இறுதியிலே உடைக்கின்றனர். சிங்கள மக்களின் வாயிலிலும் அநுராதபுரத்துக் காவற்கல்லிலும் நிறைகுடம் நிற்கிறது. மழைக்குரிய ஆற்றலைச் சப்போட்டெக் குயவன் கலத்திலே கண்டான். மழைக்கு அம்மை என்று நாம் போற்றும் மாரியைத் தோட்டத்துத் தொழிலாளியும் குடத்திலேயே காண்கிறான். ஒருவரிடமிருந்து மற்றவர் இதனைக் கற்றதில்லை. கற்காமலே இருவரும் ஓரிடத்தை அடைந்தார்கள் என்பதே எனக்குப் பெருவியப்பாகத் தோன்றுகிறது.

ஆகவே ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் இதுவே. மகாவலிக் கரையிலே கரகம் பாலிப்பவர் என்னென்ன பொருள்களை எந்த முறையிற் குடத்தில் வைக்கிறார், ஒவ்வொன்றுக்கும் என்ன பொருள் சொல்கிறார், அவருக்கு அதனைச் சொல்லித் தந்தவர் யார் என்பவற்றை மாணவர் நேரிற் கேட்டு எழுதட்டும். எழுதிய நாளையும் இடத்தையும் குறித்து வைக்கட்டும். நிலத்திலே பழைய ஓடு கண்டால் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவராமல், கிடந்த இடத்திலேயே விட்டுத் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்கட்டும். இடம் பெயர்ந்த ஓடு தன் பொருளிற் பாதியை இழந்துவிடும் என்பதை ஓவஹாக்காவின் போலிக் கலங்கள் நமக்குக் காட்டிவிட்டன. கரகம் கட்டத் தெரிந்த முதியோர் நம் தோட்டங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்களிடம் போய் அமர்ந்து கேட்பதற்கு மெக்சிக்கோ வரை கப்பலேற வேண்டியதில்லை. அடுத்த திருவிழாவுக்கு முன் ஒரு கொப்பியும் பேனாவும் எடுத்துச் சென்றாற் போதும்.