செயின்ட் லூயிஸ் நகருக்கு மகனை அனுப்பலாமா?



தாய் ஒருவர் எழுதிய மடல் என் மேசைமேல் கிடக்கிறது. அவருடைய மகனுக்கு அமெரிக்க நாட்டின் மிசூரி மாநிலத்திலுள்ள செயின்ட் லூயிஸ் நகரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். வீடே மகிழ்ச்சியில் திளைத்திருந்த வேளையில் உறவினர் ஒருவர் வந்து, அமெரிக்காவிலேயே கொலைகள் மலிந்த ஊர் அதுதான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று முதல் அந்தத் தாய்க்கு உறக்கமில்லை. பிள்ளையை அனுப்பலாமா, கூடாதா என்று என்னைக் கேட்கிறார்.

உறவினர் சொன்னது பொய்யன்று. 2020-ஆம் ஆண்டில் அந்நகரில் 263 பேர் கொலையுண்டனர். அவ்வாண்டுக் குடிக்கணக்கின்படி நகரின் மக்கள்தொகை 3,01,578. அதாவது இலட்சம் பேருக்கு 87 கொலைகள். அதே ஆண்டில் அமெரிக்கா முழுமைக்குமான விகிதம் 7-ஐக்கூட எட்டவில்லை. நம் நாட்டில் 2022-இல் அது 2-ஐச் சற்றே தாண்டியது. இந்த எண்களை அருகருகே வைத்துப் பார்க்கும் எந்தத் தாயின் வயிறும் கலங்கத்தான் செய்யும். போதாக்குறைக்கு, நகரங்களைத் தரவரிசைப்படுத்தி நூல் வெளியிடும் தனியார் பதிப்பகத்தார் 2006-இலும் 2010-இலும் செயின்ட் லூயிஸை ஆபத்தான நகரங்களின் தலைமாட்டிலேயே வைத்தார்கள். செய்தித்தாள்களுக்கு இத்தகைய பட்டியல் என்றால் கற்கண்டு அல்லவா!

ஆனால் விகிதம் என்பது ஒரு வகுத்தல் கணக்கு. எதை வகுத்தார்கள் என்பதை எல்லாரும் பார்க்கிறார்கள்; எதனால் வகுத்தார்கள் என்பதை எவரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் 1876-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

அந்நாளில் செயின்ட் லூயிஸ் மிசிசிப்பி ஆற்று வாணிகத்தால் கொழித்த நகரம். அதைச் சுற்றிலும் கவுண்டி எனப்படும் மாவட்டத்தின் வயல்வெளிகள். அந்த நாட்டுப்புறத்துக்காகத் தங்கள் வரிப்பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்று எண்ணிய நகரத்தார், வாக்கெடுப்பு நடத்தி, கவுண்டியிலிருந்து பாகம் பிரித்துக்கொண்டு வெளியேறினார்கள். அன்று வரைந்த எல்லைக்கோடுதான் இன்றளவும் நிற்கிறது. அதற்குள் அடங்கிய நிலம் ஏறத்தாழ 62 சதுர மைல். வசதி படைத்த அண்ணன் இல்லாத தம்பியை ஒதுக்கிவிட்டுப் பாகம் பிரிப்பதும், காலச்சக்கரம் சுழன்று தம்பி வீட்டில் செல்வம் குவிவதும் நாம் குடும்பங்களில் காணாத காட்சியா? அங்கே ஒரு நகரமே அந்த அண்ணனாயிற்று.

1950-இல் நகருக்குள் 8,56,796 பேர் வாழ்ந்தார்கள். அதன்பின், வசதியுள்ளோர், அவர்களிலும் பெரும்பாலும் வெள்ளையர், எல்லைக்கோட்டைத் தாண்டிக் கவுண்டியில் புதுவீடு கட்டிக் குடியேறினார்கள். வயல்வெளியாக இருந்த அந்தக் கவுண்டியில் இன்று பத்து இலட்சம் பேர் வாழ்கிறார்கள். நகரிலோ மூன்று இலட்சத்துக்கும் குறைவு. கவுண்டியில் அமைதியாக வாழும் அந்தப் பத்து இலட்சம் பேரும் நகரத்தின் கணக்கில் சேர்வதில்லை. ஆனால் அவர்கள் பகலில் அலுவலகத்துக்கும், மாலையில் பேஸ்பால் ஆட்டத்துக்கும் நகருக்குள் வருகிறார்கள். அப்போது அவர்களில் ஒருவர் வழிப்பறிக்கு ஆளானால் அந்தக் குற்றம் மட்டும் நகரின் கணக்கில் ஏறிவிடும், ஆள் ஏறமாட்டார்.

இதே மிசூரியில் கான்சஸ் சிட்டி என்றொரு நகரம் இருக்கிறது. அது சுற்றுப்புறங்களைத் தன்னோடு இணைத்துக்கொண்டே வளர்ந்ததால், பரப்பில் செயின்ட் லூயிஸைப்போல் ஐந்து மடங்கு. டென்னசி மாநிலத்து நாஷ்வில் 1963-இல் தன் கவுண்டியோடு ஒன்றாகவே கலந்துவிட்டது. இத்தகைய நகரங்களோடு செயின்ட் லூயிஸை ஒப்பிடுவது, ஓர் ஊரின் சந்தைத் தெருவை மட்டும் தனியே பிரித்தெடுத்து, மற்றோர் ஊர் முழுவதோடும் ஒப்பிடுவது போன்றது. 1930 முதல் குற்றக் கணக்குகளைத் திரட்டிவரும் எஃப்.பி.ஐ. நிறுவனமே, தன் எண்களைக்கொண்டு நகரங்களை வரிசைப்படுத்த வேண்டாம் என்று எச்சரிக்கிறது. அமெரிக்கக் குற்றவியல் கழகத்தின் செயற்குழு 2007-இல் இந்தப் பட்டியல்களைக் கண்டித்தது. செயின்ட் லூயிஸிலேயே நெடுங்காலம் குற்றவியல் பேராசிரியராக விளங்கிய ரிச்சர்ட் ரோசன்ஃபெல்டும் இதையே பன்முறை விளக்கினார்.

ஆகவே கவலை வேண்டாம் என்று இத்துடன் முடித்துக்கொள்ள எனக்கும் ஆசைதான். அப்படிச் செய்தால் அந்தத் தாயை நான் ஏமாற்றியவனாவேன். வகுத்தல் கணக்கைத் திருத்திவிட்டால் மாண்ட 263 பேரும் எழுந்து வரப்போவதில்லை. அவர்களுக்கும் தாய்மார்கள் இருந்தார்கள்.

நகரின் குறுக்கே கிழக்கு மேற்காக டெல்மார் என்றொரு நெடுஞ்சாலை ஓடுகிறது. அதற்கு வடக்கே வாழ்வோர் மிகப் பெரும்பாலும் கறுப்பின மக்கள். தெற்கே வெள்ளையர் மிகுதி. கொலைகளில் பெரும்பகுதி வடபகுதியில் நிகழ்கிறது. மாள்பவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்கள். ஏறக்குறைய எல்லாருமே துப்பாக்கிக்கு இரையாகிறார்கள். இந்தக் கோடு தானாக விழுந்ததன்று. இன்ன இனத்தார் இன்ன தெருவில்தான் குடியிருக்கலாம் என்னும் சட்டத்தை 1916-இல் நகர மக்களே பெருவாரியான வாக்குகளால் நிறைவேற்றினார்கள். மறு ஆண்டே, கென்டகி மாநில வழக்கொன்றில் நாட்டின் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அத்தகைய சட்டங்கள் செல்லாமற் போயின. ஆயினும் வீட்டுப் பத்திரங்களில் கறுப்பருக்கு விற்கலாகாது என்று எழுதிவைக்கும் வழக்கம் தொடர்ந்தது. 1945-இல் ஷெல்லி என்னும் கறுப்பினக் குடும்பத்தினர் லபாடி தெருவில் ஒரு வீட்டை வாங்கியபோது, 1911-இல் எழுதப்பட்ட அத்தகைய ஒப்பந்தத்தைக் காட்டி அவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தார்கள். கறுப்பரை மட்டுமல்லாமல் மங்கோலிய இனத்தாரையும் விலக்கிய ஒப்பந்தம் அது. இத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நடைமுறைப்படுத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 1948-இல் தீர்ப்பளித்தது.

நம் திருச்சபையும் இதில் மாசற்று நின்றது என்று சொல்வதற்கில்லை. 1947 வரை அந்நகரில் கத்தோலிக்கப் பள்ளிகளும் இனவாரியாகவே பிரிந்திருந்தன. அவ்வாண்டு பேராயர் ஜோசப் ரிட்டர் அந்தப் பிரிவினைக்கு முடிவு கட்டினார். நீதிமன்றம் செல்வோம் என்று கிளம்பிய வெள்ளையினப் பெற்றோரை, திருச்சபையிலிருந்தே விலக்கப்படுவீர்கள் என்று எச்சரித்தார். எதிர்ப்பு அடங்கிற்று.

ஏழைகளுக்கென வடபகுதியில் அரசு எழுப்பிய புரூயிட்-ஐகோ குடியிருப்பின் கதையைச் சொன்னால் பக்கங்கள் போதா. 11 மாடிகள் கொண்ட 33 கட்டடங்கள். 1950-களின் நடுவில் கட்டி முடித்து, பராமரிக்கப் பணமின்றிப் பாழாக விட்டு, 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகள் மூடப்பட்டன, வேலை போயிற்று, பூட்டிய வீடுகள் தெருத்தெருவாய்ப் பெருகின. இதற்கிடையில், கைத்துப்பாக்கி வாங்க முன்னனுமதி பெற வேண்டும் என்ற சட்டத்தை மிசூரி மாநிலம் 2007-இல் நீக்கியது. 2017 முதல் அதை உடையில் மறைத்து எடுத்துச்செல்லவும் உரிமம் தேவையில்லை. கொலை வழக்குகளில் பல ஆண்டுகளாகவே ஏறத்தாழப் பாதியில் குற்றவாளி யாரென்றே துலங்கவில்லை. சட்டம் தனக்கு நீதி வழங்காது என்று நம்பும் இளைஞன் தானே பழிதீர்க்கப் புறப்படுகிறான். என்னை அச்சுறுத்துவது 87 என்ற எண்ணைவிட இதுதான்.

2020-க்குப்பின் நிலைமை தேறியிருக்கிறது. 2023-இல் 158 கொலைகள், 2024-இல் 150. காவல்துறையை நடத்துவது மாநிலமா நகரமா என்ற வழக்கு மட்டும் ஓயவில்லை: 1861 முதல் மாநிலத்தின் பிடியிலிருந்து, 2013-இல் நகரின் கைக்கு வந்து, 2025-இல் மீண்டும் மாநிலத்துக்கே போய்விட்டது. கொலைகள் குறைந்ததற்கு ஒவ்வொருவரும் தாமே காரணம் என்கிறார்கள். அவ்வாண்டுகளில் நாடெங்குமே குறைந்தன என்பதை மறந்துவிடுகிறார்கள். வேறொன்றையும் இங்கே கவனிக்க வேண்டும். அந்த 150 கொலைகளை 1950-ஆம் ஆண்டு மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள். இலட்சத்துக்கு 18-ஐத் தாண்டாது. இப்போதுள்ள மக்கள்தொகையால் வகுத்தால் 50-க்கும் மேல். ஊரைவிட்டுப் போகிறவர்கள்கூட விகிதத்தை ஏற்றிவிட்டுத்தான் போகிறார்கள்.

இனி, மடல் எழுதிய அம்மா! மகனை அனுப்பிவையுங்கள். அந்நகரின் பெரும் பல்கலைக்கழகங்கள் வடபகுதித் தெருக்களில் இல்லை. கல்வி கற்கச் சென்ற பிள்ளைக்கு அந்த 87 பொருந்தாது. ஆனால் அறையை இங்கிருந்தபடியே படத்தைப் பார்த்து அமர்த்திவிட வேண்டாம். எந்தத் தெரு, இரவில் நூலகத்திலிருந்து எப்படித் திரும்புவது என்று முன்னரே அங்கே பயிலும் மாணவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். அங்கே அவனுக்கு நேரக்கூடிய தொல்லை பெரும்பாலும் திருட்டாகத்தான் இருக்கும். நிறுத்திய காரில் பையையோ கணிப்பொறியையோ வெளியே தெரியும்படி விட்டுவந்தால் கண்ணாடி உடைபடும். மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கார் வாங்குவானாயின், சாவியைத் திருகி இயக்கும் கியா, ஹூண்டாய் வண்டிகளைத் தவிர்க்கட்டும். திருட்டைத் தடுக்கும் மின்பூட்டு இல்லாமல் விற்கப்பட்ட அவ்வகை வண்டிகள் 2022-இல் மிகுதியாகக் களவுபோய், நகர நிர்வாகம் அந்நிறுவனங்கள்மீது வழக்கே தொடுத்தது.

இன்னொரு வேண்டுகோளும் உண்டு. ஷெல்லி குடும்பத்தார் வாங்கிய அந்த வீடு இன்றும் லபாடி தெருவில் நிற்கிறது. தேசிய வரலாற்றுச் சின்னமாகவும் அறிவிக்கப்பட்டுள்ளது. அது டெல்மாருக்கு வடக்கே இருக்கிறது. அங்கே பழகிய நண்பர் ஒருவரோடு ஒரு பகற்பொழுதில் உங்கள் மகன் போய்ப் பார்த்துவரட்டும். அக்கம்பக்கத்தில் எத்தனை வீடுகளில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்று உங்களுக்கு எழுதினால், எனக்கும் இரண்டு வரி தெரிவியுங்கள்.