வாடகை இருட்டறை வேண்டாம்

போன ஞாயிறு காலை நடை முடிந்து தில்லைநகரில் காபி குடித்துக்கொண்டிருந்தோம். நடைக்குழு நண்பர் ஒருவர் ஆரம்பித்தார். "சார், பையன் சிங்கப்பூர்லேர்ந்து லைக்கா கேமரா அனுப்பியிருக்கான். பழசுதான், ஆனா டிஜிட்டல். ரா ஃபைலை எடிட் பண்ண மாசா மாசம் பணம் கட்டற சாஃப்ட்வேர்தான் பெஸ்ட்டுங்கறான். கட்டிடட்டுமா?"

"கட்டாதீங்க" என்றேன். சொன்ன வேகத்தில் பக்கத்து மேஜைக்காரரே திரும்பிப் பார்த்தார். காரணம் சொல்ல ஆரம்பிப்பதற்குள் பொங்கல் வந்துவிட்டது. பொங்கலுக்கு முன்னால் எந்த வாதமும் நிற்காது. அதனால் மீதியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ரேஞ்ச்ஃபைண்டர் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு. எழுபதுகளில் சிங்கப்பூரிலிருந்து வந்த மாமாக்கள் கழுத்தில் யாஷிகா எலக்ட்ரோ 35 தொங்குமே, அந்த ஜாதி. கண்ணாடித் துவாரத்தில் ஒரே உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகினால் இரண்டும் ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. தானாக ஃபோகஸ் செய்யாது. அதற்கு நம் விரல்தான்.

இந்த வகையில் முதல் டிஜிட்டல் கேமரா 2004-ல் வந்த எப்சன் ஆர்-டி1. 6 மெகாபிக்சல். ஃபிலிம் கேமரா மாதிரியே ஒவ்வொரு படத்துக்கும் லீவரைத் தள்ளி ஷட்டரைத் தயார் செய்யவேண்டும். 2006-ல் லைக்கா எம்8 வந்தது, 10 மெகாபிக்சல். என்னிடம் இருப்பது அதுதான். நான் ஓய்வு பெற்றதும், 2012-ல், மாப்பிள்ளை செகண்ட்ஹேண்டில் வாங்கிக் கொடுத்தது. புதிதாக வாங்கும் வசதி எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ரா ஃபைல் என்பது நெகட்டிவ். சென்சாரில் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதோ ஒரு வடிகட்டிதான் இருக்கும். கோடக்கில் வேலை பார்த்த பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு அது. மற்ற இரண்டு நிறங்களையும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்புவது சாஃப்ட்வேரின் வேலை. அதோடு வெளிச்சம், நிறம், கான்ட்ராஸ்ட் எல்லாவற்றையும் நாம் சொல்லச் சொல்ல மாற்றும். சுருக்கமாக, அதுதான் இன்றைய இருட்டறை.

என் பழைய இருட்டறை வீட்டுக் குளியலறைதான். சிவப்பு பல்பு, மூன்று பிளாஸ்டிக் தட்டு, டி-76, ஹைப்போ. இரவு பத்து மணிக்கு மேல் யாருக்காவது அவசரம் வந்துவிட்டால் வீட்டில் யுத்தம். ஃபிலிம் பெரும்பாலும் ஊட்டி இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் 'இந்து'. அந்த ஆலை மூடிப்போனது நம் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒன்று கவனியுங்கள். ஆலை மூடியதால் என் நெகட்டிவ் ஒன்றுகூட வீணாகவில்லை. 1978-ல் எடுத்த நெகட்டிவை இன்றைக்கும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் என் அண்ணன் சிரிப்பது தெரிகிறது. அதைப் பிரிண்ட் போட ஊட்டியைக் கேட்கவேண்டியதில்லை.

இனி என் கதை.

கேமரா வந்த அதே 2012-ல் ஒரு சாஃப்ட்வேர் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம். வாடகை இல்லை, முழுப் பணம் கொடுத்து வாங்கியது. நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஏழெட்டு வருஷத்தில் அறுநூறு படங்களுக்கு மேல் அதில் வேலை செய்தேன். நான் செய்த திருத்தமெல்லாம் அதன் 'கேட்டலாக்' என்ற ஒரே பெட்டிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பெட்டியைத் திறக்க அந்த சாஃப்ட்வேர் வேண்டும். அது ஓட கம்பெனியின் அனுமதி வேண்டும். அப்போது இதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

2018 ஆடிப்பெருக்கு அன்று என் மனைவியோடு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போயிருந்தேன். காவிரியில் தண்ணீர் நிறைய. வெயிலுக்குக் கறுப்புக் குடை பிடித்தபடி, நனைந்த படியில் கால் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டு நின்றாள். எடுத்தேன்.

எம்8 வைத்திருப்பவர்களுக்கு அடுத்து என்ன நடந்திருக்கும் என்று தெரியும். அந்தக் கேமராவின் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்புக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி மிக மெல்லியது. செயற்கை நூல் கறுப்புத் துணியெல்லாம் கத்திரிக்காய் நிறத்தில் வரும். லென்ஸில் தனி ஃபில்டர் போட்டால் சரியாகும். நான் அன்றைக்குப் போட மறந்துவிட்டேன். குடை கத்திரிக்காய் ஆனது. அதனால் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றினேன். குடையின் நிழலில் இருந்த முகத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கினேன். அதிகம் தூக்கினால் அந்தக் கேமராவின் இருட்டுப் பகுதி புள்ளி புள்ளியாக உடையும். மூன்று சாயங்காலம் ஆனது. 4க்கு 6 அளவில் ஒரு பிரிண்ட் போட்டேன். அந்த அளவுக்கே ஜேபெக்கும் எடுத்து வைத்தேன். "குடைக்குள்ளே இவ்வளவு முகமா இருந்துச்சு?" என்றாள்.

அடுத்த ஆடிக்கு அவள் இல்லை.

2021-ல் லேப்டாப் போய்விட்டது. புது லேப்டாப்பில் சாஃப்ட்வேரை ஏற்றினேன். சீரியல் நம்பரைப் போட்டேன். ஏற்றுக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு எழுதினேன். அந்தப் பதிப்புக்கு அனுமதி கொடுப்பதை நிறுத்திவிட்டோம், புதியதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில். புதியதில் என் பழைய கேட்டலாக் திறக்குமா என்று கேட்டேன். அதற்கு இன்றுவரை பதில் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் மகள், "அப்பா, அம்மா குடையோட நிக்கற படத்தைப் பெரிசாப் போட்டு அனுப்புங்களேன், ஹால்ல மாட்டணும்" என்றாள். ரா ஃபைல் பத்திரமாக இருந்தது. நான் செய்த வேலைதான் போய்விட்டது. சின்ன ஜேபெக்கைப் பெரிதாக்கினால் முகம் மாவாகிறது. முதலிலிருந்து மறுபடி செய்தேன். பத்து நாள் ஆனது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மகள் சொன்னாள்: "இதுவும் நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா பழசுதான் அம்மா."

அவள் சொன்னது சரி. ஒரே கீர்த்தனையை ஒரே பாடகர் மறுபடி பாடினாலும் முதல் நாள் பாடினது வராது. எனக்குக் கோபம் வந்தது அப்போதுதான். இன்னும் தணியவில்லை. முழுப் பணம் கொடுத்து வாங்கியதற்கே இந்தக் கதி என்றால், மாத வாடகைக்கு எடுத்ததற்கு என்ன உத்தரவாதம்?

நடப்பைப் பாருங்கள். லைட்ரூம் 2007-ல் வந்தபோது ஒரு தடவை பணம் கொடுத்து வாங்கும் பொருளாக இருந்தது. 2015-ல் வந்த 6-ஆம் பதிப்போடு அந்த வழி முடிந்தது. இன்று சந்தாதான். நியாயமாகச் சொல்லவேண்டும்: சந்தா நின்றாலும் லைட்ரூம் கிளாசிக்கில் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம். ஆனால் டெவலப் பகுதி திறக்காது. அதாவது வீட்டுக்குள் நிற்கலாம், இருட்டறைக் கதவு மட்டும் பூட்டு. ஆப்பிளின் அபர்ச்சர் 2005-ல் வந்தது, 2014-ல் இனி வளர்க்கப்போவதில்லை என்று அறிவித்தார்கள், அடுத்த வருஷம் விற்பனையும் நின்றது. உலகத்திலேயே பெரிய கம்பெனிகளில் ஒன்று கைவிடுகிறது என்றால், 'பெரிய கம்பெனி, ஒன்றும் ஆகாது' என்ற பேச்சை விட்டுவிடலாம்.

நம் வயதில் இதை இன்னொரு விதமாகவும் பார்க்கவேண்டும். சந்தா போவது நம் பென்ஷன் கணக்கிலிருந்து. நாம் போன பிறகு அதை யார் கட்டுவார்கள்? பிள்ளைகள் முதலில் நிறுத்துவது இந்த மாதிரிச் சந்தாக்களைத்தான். அதில் தப்பும் இல்லை. ஆனால் அன்றைக்கு அப்பாவின் இருட்டறை மூடிவிடும்.

"ஓசியில் கிடைப்பது உருப்படியாக இருக்குமா சார்?" என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். டேவ் காஃபின் என்ற அமெரிக்கர் 1997-ல் டிசிரா என்று ஒரு சின்ன நிரலை எழுத ஆரம்பித்தார். எந்தக் கம்பெனி கேமராவின் ரா ஃபைலையும் திறக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். நிரலை எல்லோரும் பார்க்கும்படி வைத்தார். காசு கொடுத்து வாங்கும் சாஃப்ட்வேர்கள் பலவும் அவர் வேலையிலிருந்து எடுத்துக்கொண்டன. எப்சன் ஆர்-டி1 கடையில் கிடைக்காமல் போய் எத்தனையோ வருஷம் ஆகிறது. அதன் ரா ஃபைல் இன்றும் திறக்கிறது என்றால் இப்படிப்பட்ட ஆட்கள்தான் காரணம்.

நான் இப்போது பயன்படுத்துவது ரா தெரபி. 2010-லிருந்து நிரல் திறந்து கிடக்கிறது. இன்னொன்று டார்க்டேபிள், 2009-ல் தொடங்கியது. இரண்டும் இலவசம், சீரியல் நம்பர் கிடையாது, யாரிடமும் அனுமதி கேட்காது. எனக்கு முக்கியமான விஷயம் வேறு. இரண்டுமே நாம் செய்த திருத்தத்தைப் படத்தின் பக்கத்திலேயே ஒரு குட்டி ஃபைலாக எழுதி வைக்கின்றன. ரா தெரபி எழுதுவதை நோட்பேடில் திறந்தால் வெளிச்சம் எவ்வளவு, நிற வெப்பம் எவ்வளவு என்று எழுத்தில் படிக்கலாம். நாளைக்கு ரா தெரபியே இல்லாமல் போனாலும் நான் செய்தது என்ன என்று அதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம். பழைய நாளில் நெகட்டிவ் உறை மேல் பென்சிலால் 'எஃப் 8, 12 செகண்ட்' என்று குறித்து வைப்போமே, அதேதான்.

வாடகை சாஃப்ட்வேர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லும் ஒன்று, லென்ஸைத் தானாகவே கண்டுபிடித்துக் குறையைத் திருத்தும் என்பது. மற்ற கேமராக்களுக்கு உண்மை. நம் கேமராவில் லென்ஸுக்கும் உடலுக்கும் மின் தொடர்பே இல்லை. லென்ஸின் பின்பக்கம் 6 புள்ளிக் குறியீடு இருந்தால் மட்டும் அது எந்த லென்ஸ் என்று கேமராவுக்குத் தெரியும். மாஸ்கோவில் படித்த நண்பர் கொடுத்த ஜூபிட்டர்-8 லென்ஸை வளையம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதைப் பற்றிக் கேமராவுக்கு என்ன தெரியும்? அகல லென்ஸில் மூலைகளில் நிறம் மாறும் தொல்லைக்கும் வழி இருக்கிறது. லென்ஸ் மேல் வெள்ளை அக்ரிலிக் தகடை வைத்து ஒரு படம் எடுத்து, அதை ரா தெரபியின் 'ஃப்ளாட் ஃபீல்ட்' பகுதியில் கொடுத்தால் மூலை சரியாகிறது. தகடு கண்ணாடிக்கடையில் வெட்டி வாங்கியது.

குறையையும் சொல்கிறேன். இரண்டுமே சுலபம் இல்லை. டார்க்டேபிள் எனக்குப் பிடிபட மூன்று மாதம் ஆனது, இன்னும் பாதிப் பொத்தான் எதற்கென்று தெரியாது. கல்யாண ஸ்டூடியோ வைத்திருப்பவர், ஒரு முகூர்த்தத்துக்கு மூவாயிரம் படம் எடுப்பவர், வாடகை கட்டட்டும். அவருக்கு வேகம்தான் சோறு போடுகிறது. நமக்கு என்ன அவசரம்? ஒவ்வொரு படத்துக்கும் கையால் ஃபோகஸ் செய்கிற கேமராவை வேகத்துக்காகவா வைத்திருக்கிறோம்?

நண்பருக்கு ஒரு நல்ல செய்தி. லைக்கா எம் வரிசை டிஜிட்டல் கேமராக்கள் டி.என்.ஜி. வடிவில் எழுதுகின்றன. அது 2004-ல் அடோபி வெளியிட்ட, விவரமெல்லாம் பொதுவில் உள்ள வடிவம். திட்டுகிற வாயால் இதற்குப் பாராட்டவும் வேண்டும். நெகட்டிவ் ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. இருட்டறையையும் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் வாதம்.

எந்த சாஃப்ட்வேரானாலும் வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அடுத்த மாதம் நான் பணம் கட்டாவிட்டால், நான் இதுவரை செய்த வேலை எங்கே இருக்கும்?" நேரான பதில் வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். வேறு சாஃப்ட்வேரில் ஏற்கெனவே வேலை செய்திருந்தால், அது ஓடுகிறபோதே, வீட்டுக்கு வேண்டிய படங்களை முழு அளவில் 16 பிட் டிஃப் ஃபைலாக எடுத்து வெளி ஹார்டு டிஸ்கில் போட்டுவிடுங்கள். டிஃப் எதிலும் திறக்கும். இடம் அதிகம் பிடிக்கும், பிடிக்கட்டும். நான் அன்றைக்கு இதைச் செய்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

செய்யவேண்டியது ஐந்து நிமிஷ வேலை. இன்றைக்கே செய்துவிடுங்கள். எப்படி என்று தெரியாவிட்டால் ஞாயிறு காலை அதே காபிக்கடைக்கு லேப்டாப்போடு வாருங்கள். பொங்கல் வருவதற்குள் முடித்துவிடலாம்.