குழலுக்கு வயது ஒரு தகுதியன்று

பழைய புல்லாங்குழலைப் பெரும்விலை கொடுத்து வாங்கலாமா என்று காரோட்டு இசை மாணவர்கள் சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பதே என் விடை.

முதிர முதிர நாதம் கனியும் என்பது விற்பவர் வாதம். வீணை, வயலின் பற்றிய நம்பிக்கையை மூங்கிலின்மேல் ஏற்றும் பேச்சு இது. வயலினில் பலகை அதிர்கிறது. குழலில் அதிர்வது உள்ளிருக்கும் காற்று. அமெரிக்க இயற்பியலாளர் ஜான் கோல்ட்மன் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றில் ஒரே உள்ளளவுடைய குழல்களைச் செய்து மறைவில் ஊதச் செய்தார். கேட்டவர்களால் வேறுபாடு காண இயலவில்லை என்று 1971இல் எழுதினார். நாதத்தை ஆள்பவை துளைகளும் உள்விட்டமுமே. அவை செய்த அன்றே அமைந்துவிடுகின்றன. இரு பருவமழையும் நனைக்கும் இவ்வெல்லைப்புறத்தில் வயது கூட்டுவது வெடிப்பையும் உளுப்பையும்தான்.

'இன்ன வித்துவான் ஊதியது' என்பது அடுத்த வலை. மாலி 1986இல் மறைந்தார். அவர் குழலே கிடைப்பினும் அவர் மூச்சு கிடைக்குமா?

ஆதலின் வயதைக் கேளாதீர்கள். சுருதிப்பெட்டியோடு ஊதி, உங்கள் கட்டைதானா என்று பாருங்கள். நூற்கட்டை அவிழ்த்து வெடிப்பைத் தேடுங்கள். மேல்ஸ்தாயியில் ஸ்வரம் பிசகினால் திருப்பிக் கொடுங்கள். எல்லாம் தேறினால் வாங்கலாம். ஆனால் புதுக்குழலின் விலைக்குமேல் ஒரு காசும் தராதீர்கள்.

அந்த மிகைப்பணம், இன்று மூங்கில் தேர்ந்து துளையிட்டுச் சுருதி கூட்டும் கைவினைஞருக்குச் சேரவேண்டிய கூலி. அவர் தொழில் நின்றால், நாளை பழையதென்று விற்கவும் குழல் இராது.