ஊக்கியா, கடிவாளமா?

உப்பேறிய வயலில் நட்ட சில நாளிலேயே நாற்றின் நுனி வெளுத்துச் சுருண்டால், விவசாயி உரக்கடைக்குப் போய் "டானிக் ஏதாவது கொடுங்க" என்கிறார். கடைக்காரரும் ஜிப்ரலிக் அமிலப் புட்டியை எடுத்து நீட்டுகிறார். இருவரையும் குறை சொல்லிப் பயனில்லை. பயிர் ஹார்மோன்களை எல்லாம் 'வளர்ச்சி ஊக்கி' என்ற ஒரே பெயரில் அடைத்ததில் நம் பாடநூல்களுக்கும் பங்குண்டு.

உவர் நிலத்தில் பிழைக்கும் நாற்று முதலில் செய்வது வளர்ச்சியை அடக்குவதுதான். வேரருகே உப்பு கூடியதும் அப்சிசிக் அமிலம் பெருகி, இலைத்துளைகள் மூடுகின்றன. நீராவிப்போக்கு குறைய, நீரோடு மேலேறும் சோடியமும் குறைகிறது. ஒளிச்சேர்க்கையும் கூடவே படுத்துவிடும். பட்டினி கிடந்தாவது உயிரைப் பிடித்துவைக்கும் வழி இது. அந்த நேரத்தில் ஜிப்ரலின் தெளிப்பது 'நீளு' என்று விரட்டுவதற்குச் சமம். ஜப்பானில் நாற்று நெடுநெடுவென வளர்ந்து வீணாகும் பக்கானே நோயைத் துருவியபோதுதான், 1926இல் எயிச்சி குரோசாவா, அதற்குக் காரணம் பூஞ்சை சுரக்கும் ஒரு பொருள் என்று காட்டினார். ஜிப்ரலினின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

எத்திலீன் இன்னும் வேடிக்கை. ஆய்வகங்களின் செல்லச் செடியான அராபிடாப்சிஸில் அது உப்பைத் தாங்கத் துணை நிற்கிறது. நெல்லிலோ தலைகீழ். எத்திலீன் சமிக்ஞையைக் கடத்தும் இரு மரபணுக்களின் செயலைக் குறைத்தபோது நெல் நாற்றுகள் உப்பை மேலும் நன்றாகத் தாங்கின என்று சீன ஆய்வாளர்கள் 2015இல் காட்டினர். அம்மரபணுக்கள்தாம் வேர் வழியே சோடியத்தை உள்ளிழுக்கத் தூண்டியிருந்தன. அந்தக் கடுகுக் குடும்பச் செடியில் கற்ற பாடத்தை நெல்வயலுக்கு அப்படியே தூக்கிவரக் கூடாது. எத்திலீனின் மூலப்பொருளைச் சிதைக்கும் வேர்மண்டலப் பாக்டீரியாக்கள் நெல்லில் கவனிக்கத் தக்கவை என்பதும் இதனால்தான்.

ஹார்மோன் எதுவும் உப்பைத் தாங்கும் ரகத்துக்கு மாற்றல்ல. கேரளத்துப் பொக்காளி நெல்லின் பலம் முதலாம் குரோமோசோமில் உள்ள 'சால்டால்' பகுதியைப் பெருமளவு சார்ந்தது.

நாற்றின் வயதையும் பார்க்க வேண்டும். நெல் முளைக்கும்போது உப்பைத் தாங்கும், இளநாற்றில் தள்ளாடும், தூர் கட்டும்போது மறுபடி தேறும், பூக்கும்போது மீண்டும் துவளும். இயந்திர நடவுக்காகப் பதினைந்து நாள் பாய் நாற்றை உவர் வயலில் இறக்கிவிட்டுப் பிறகு தெளிப்பானைத் தேடுவது தலைவலியை விலைக்கு வாங்குவது. அங்கே 25, 30 நாள் நாற்றே ஏற்றது. ஆலோசனை கேட்டு வருபவரிடம் மண் பரிசோதனைச் சீட்டைக் கேளுங்கள். கடத்துத்திறன் மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே விளைச்சல் சரியத் தொடங்கும். உவர் என்றால் நல்ல நீர் கட்டி வடிக்க வேண்டும், களர் என்றால் ஜிப்சம் இட வேண்டும். புட்டியைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.