அகவுரையும் புறவுரையும்

"நெஞ்சை ஆராய்தல் தனித்திருந்து யோகம் பயில்வார்க்கே வேண்டும், பிறரொடு பேசுதற்கும் வாதிடுதற்கும் கல்வியும் சொல்வன்மையுமே சாலும்" என்று நம்மவருட் சிலர் கூறுகின்றனர். இக்கூற்றுப் பொருந்தாது. தன்னொடு மெய் பேசாதவன் பிறரொடு மெய் பேசுதல் யாங்ஙனம் கூடும்?

பெரியபுராணத்துத் திருவொற்றியூர் நிகழ்ச்சியை நோக்குக. சங்கிலியாரைப் பிரியேன் என்று சூளுரைக்க வேண்டிய நம்பியாரூரர், பிற தலங்களை வழிபடப் பிரிய நேருமென்பதை உள்ளத்தே அறிந்திருந்தார். அறிந்ததை அவ்வம்மையார்க்கு உரைத்தாரல்லர். தாம் சூளுரைக்குங்கால் கோயிலை நீங்கி மகிழின்கீழ் எழுந்தருளுமாறு இறைவனை வேண்டினார். இறைவனோ அதனைச் சங்கிலியார்க்கு உணர்த்தியருளினான். மகிழின்கீழேயே சூளுரைக்க நேர்ந்தது. பின்னர்த் திருவாரூரை நினைந்து ஒற்றியூரெல்லையைக் கடந்த அளவிலே இருகண்ணும் ஒளியிழந்தன.

"அது திருவிளையாட்டு, நமக்குப் பாடமாகாது" என்பாரும் உளர். இறைவன் விளையாட்டு உயிர்களை உய்விப்பதற்கன்றோ? நம்பிகள் தம் பிழையைத் தாமே எடுத்துரைத்துப் பாடினார். காஞ்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றைக் கண்ணும் பெற்றார். நெஞ்சு ஒளித்தபோது சொல் சூழ்ச்சியாயிற்று. நெஞ்சு திறந்தபோது சொல் திருப்பதிகமாயிற்று.

புறவிருள் பிறபொருளை மறைப்பினும் தன்னைக் காட்டும். ஆணவமோ தன்னையும் காட்டாது. இது திருவருட்பயனில் உமாபதிசிவனார் உணர்த்திய உண்மை. ஆகலின், "சைவத்தின்பொருட்டுச் சினந்தேன்" என்று மேடையில் முழங்குபவன், தன் பெயரின்பொருட்டுச் சினந்தமையைத் தானே அறியான். "இச்சொல் சைவத்தைக் காத்தற்கோ, என்னைக் காத்தற்கோ?" என்று தன்னை முதற்கண் வினவாதவன் எதிரியை வினவுதற்கு உரியனல்லன்.

அங்ஙனம் வினவின் ஐயம் பிறந்து வாதம் தளருமெனின், அற்றன்று. உள்ளே ஒளித்த ஐயமே வசையாகப் புறப்படுகின்றது. அருணந்திசிவனார் சித்தியார் பரபக்கத்தில் உலகாயதர் முதலாயினார் கொள்கைகளை ஒவ்வொன்றாக முன்னர் நிறுத்திப் பின்னரே மறுத்தார். பிறர் வினாவைத் தம் நெஞ்சில் எழுப்பி ஆங்கே விடைகண்டார்க்கன்றி அம்முறை கைகூடாது. நம்மவரோ எதிரி கூறாததை அவன்மேல் ஏற்றி மறுத்து, வென்றோமென மகிழ்கின்றனர். இது சித்தாந்த வாதமன்று, ஆணவத்தின் ஆரவாரமே.

அன்பர்காள்! நீறணிந்த நெற்றியொடு அவைக்குச் செல்லுமுன் ஒரு நாழிகை நும் நெஞ்சொடு வாதிடுமின். ஆங்குத் தோற்கக் கற்றவனே அவையில் மெய் பேச வல்லவன். சிவம்.