கந்தகம் சொல்லும் சாட்சி

அணுகுண்டு என்று ஒன்று கிடையாது, சங்கிலித் தொடர்வினை வெறும் ஏட்டுச் சுரைக்காய், ஹிரோஷிமாவை எரித்தவை சாதாரணத் தீக்குண்டுகள்தான் என்றொரு வாதம் அவ்வப்போது தலைதூக்குகிறது. இப்படிச் சொல்பவர்களை முட்டாள்கள் என்று ஒதுக்கிவிட நமக்கு மனமில்லை. எண்பது ஆண்டுகளாக அணு விவகாரத்தில் அரசுகள் பொய் சொல்லியிருக்கின்றன, கேட்டதையெல்லாம் ரகசியம் என்று பூட்டிவைத்திருக்கின்றன. பூட்டிய அறைக்குள் எதுவுமே இல்லையோ என்று ஒருவர் சந்தேகப்படுவது இயல்பு. அவரிடம் இன்னொரு அரசாங்க அறிக்கையை நீட்டிப் பயனில்லை. எந்த அரசும் நினைத்தாலும் செய்துவைக்க முடியாத சான்றையே காட்ட வேண்டும்.

முதலில் தொடர்வினை. ஒரு யுரேனியம் அணுக்கரு பிளக்கும்போது இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவற்றில் ஒன்றாவது அடுத்த கருவைப் பிளந்தால் வினை தொடரும். ஒன்றுக்கு மேல் பிளந்தால் பெருகும். 1972-ல் பிரான்சின் பியர்லாட் ஆலையில், ஆப்பிரிக்காவின் காபோனில் உள்ள ஓக்லோ சுரங்கத்து யுரேனியத்தைச் சோதித்தார்கள். யுரேனியத்தில் எளிதில் பிளக்கும் வகையான யுரேனியம்-235, நூற்றுக்கு 0.720 இருக்க வேண்டியது, 0.717 மட்டுமே இருந்தது. மயிரிழை வித்தியாசம். ஆனால் பூமியில் எங்கு தோண்டினாலும் மாறாத விகிதம் அது என்பதால் விடாமல் துருவினார்கள். அந்தத் தாதுவில் நியோடிமியத்தின் ஐசோடோப்புகள், அணுப்பிளவில் பிறக்கும் அதே விகிதத்தில் கிடந்தன. சுமார் 200 கோடி ஆண்டுகளுக்கு முன், யுரேனியம்-235 நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு இருந்த காலத்தில், நிலத்தடி நீர் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க, பாறைக்குள் தொடர்வினை தானாகவே மூண்டிருக்கிறது. லட்சக்கணக்கான ஆண்டுகள் விட்டுவிட்டு நடந்திருக்கிறது. மனிதனே தோன்றாத காலத்து வினையை எந்த ராணுவம் ஜோடித்திருக்க முடியும்? உலையில் நடக்கட்டும், குண்டில் நடக்காது, வினை முற்றுமுன் குண்டே சிதறிவிடும் என்கிறார்கள் சிலர். இதில் பாதி உண்மை. ஹிரோஷிமா குண்டில் சுமார் 64 கிலோ யுரேனியம் இருந்தது. பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. மிச்சமெல்லாம் சிதறித்தான் போனது. அந்த ஒரு கிலோகூட இல்லாத யுரேனியமே சுமார் 15,000 டன் டிஎன்டி வெடிமருந்தின் வேலையைச் செய்தது.

ஹிரோஷிமாவை நேரில் பார்த்த அமெரிக்க விமானவியலாளர் அலெக்சாண்டர் டி செவர்ஸ்கி, தீக்குண்டுகள் விழுந்த மற்ற ஜப்பானிய நகரங்களைப் போலத்தான் அதுவும் இருந்தது என்றார். மறுப்பாளர்கள் இன்றும் அவரைத் துணைக்கு அழைக்கிறார்கள். மரவீடுகள் எரிந்து அடங்கிய பின் ஊருக்கு ஊர் சாம்பலில் என்ன வேறுபாடு தெரியும்? வேறுபாடு மின்கம்பங்களில் இருந்தது. பீங்கான் இன்சுலேட்டரை இரும்போடு ஒட்டவைக்க அந்தக் காலத்தில் கந்தகத்தை உருக்கி ஊற்றுவார்கள். குண்டு விழுந்தபின் ஜப்பானிய இயற்பியலாளர்கள் அந்தக் கந்தகத்தைச் சுரண்டி அளந்தார்கள். அதில் கதிரியக்கப் பாஸ்பரஸ் உருவாகியிருந்தது. குண்டு வெடித்த புள்ளியிலிருந்து விலக விலக அதன் அளவு குறைந்தது. வேக நியூட்ரான் தாக்கினால்தான் கந்தகம் இப்படிப் பாஸ்பரஸாகும். தீக்குண்டின் நேபாம் எத்தனை டன் எரிந்தாலும் ஆகாது.

தொலைவில் நடந்தது என்று ஒதுங்கவும் முடியாது. 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் வானில் நடந்த குண்டுச் சோதனைகளால் வட அரைக்கோளக் காற்றில் கதிரியக்கக் கார்பன்-14 ஏறக்குறைய இருமடங்கானது. 1963-ல் வானில் சோதிப்பதைத் தடுக்கும் ஒப்பந்தம் வந்தது. அதன்பின் அளவு இறங்கிக்கொண்டே போனது. பல்லின் எனாமல் சிறுவயதில் உருவாகி அப்படியே நின்றுவிடுவதால், அது உருவான ஆண்டுகளின் காற்று அதில் பதிந்திருக்கும். அடையாளம் தெரியாத சடலத்தின் பிறந்த ஆண்டைத் தடயவியலாளர்கள் இதை வைத்தே கணிக்கிறார்கள். அறுபதைக் கடந்த வாசகரே, இந்தச் சான்று உங்கள் வாய்க்குள்ளேயே இருக்கிறது.

அரசுகள் பொய் சொன்னது மெய்தான். ஆனால் எந்தப் பக்கம் சாய்த்துச் சொன்னார்கள் என்று பாருங்கள். 1945 செப்டம்பரில் பத்திரிகையாளர் வில்பிரட் பர்ச்செட் ஹிரோஷிமாவிலிருந்து, காயமே படாதவர்களும் இனம் தெரியாத நோயில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று எழுதினார். உடனே அமெரிக்க ராணுவம் பத்திரிகையாளர்களை நியூ மெக்சிகோ சோதனைத் திடலுக்குக் கூட்டிப்போய், கதிரியக்கச் சாவெல்லாம் ஜப்பானியப் பிரச்சாரம் என்று எழுதவைத்தது. குண்டுத் திட்டத்தின் தலைவர் ஜெனரல் குரோவ்ஸ், கதிரியக்கச் சாவு இதமான சாவு என்று மருத்துவர்கள் கூறுவதாக செனட்டில் சொன்னார். அழிவைக் குறைத்துக் காட்டியதுதான் அதிகாரத்தின் பொய். குண்டே இல்லை என்பவர் அதிகாரத்தை எதிர்ப்பதாக நம்பிக்கொண்டு அந்தப் பொய்யையே கடைசிவரை இழுத்துச் செல்கிறார். அணு ஆயுதத்தை எதிர்க்கும் நம் போன்றவர்களுக்கு இதைவிடப் பெரிய கேடு இல்லை. இல்லாத குண்டை ஒழிக்க யார் போராடுவார்கள்?

ஹிரோஷிமா, நாகசாகியில் தப்பியவர்கள் தங்கள் உடம்பையே சாட்சியாக்கி உலகெங்கும் பேசினார்கள். அவர்களுடைய அமைப்பான நிஹோன் ஹிடான்க்யோ 2024-ல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றது. 2025 மார்ச் கணக்குப்படி அவர்களில் உயிரோடிருப்பவர்கள் ஒரு லட்சத்துக்கும் கீழே. சராசரி வயது 86.