மழைநாளில் மலையேற்றம்

மலையேறுதல் உடலுக்கு உரமும் உள்ளத்திற்கு ஊக்கமும் தரும் பயிற்சி என்பதை மறுப்பார் ஒருவருமிலர். ஆயின், கார்மேகம் சூழ்ந்த நாளிலும் உச்சியை அடைந்தே தீருவோம் எனப் புறப்படுதல் வீரமாகுமா என்பது ஆராயத்தக்கது. விடுமுறைதோறும் மேற்கு மலைகளை நாடும் நம் மாணவரைக் கருதியே இதனை எழுதத் துணிந்தோம்.

நம் விருதுநகர்ப் பகுதி வானம் பார்த்த கரிசற் பூமி. இங்கு நிலவும் வறண்ட வெப்பநிலை சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் தழைத்ததற்கு ஒரு காரணமாகும். ஆதலின் மழை என்றால் நமக்கு மகிழ்ச்சியேயன்றி அச்சமில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு மலைகளின்மேல் மேகம் கவிந்தால் அங்கே செல்லும் வேட்கையே எழுகின்றது. அவ்வேட்கை குற்றமன்று. மழையை வரமாக மட்டும் அறிந்து, அதன் வேகத்தை அறியாதிருத்தலே கேடு.

சதுரகிரியை எடுத்துக்கொள்வோம். தாணிப்பாறையிலிருந்து சுந்தரமகாலிங்கம் கோயிலுக்கு ஏறும் கால்வழி மாங்கனி ஓடை, சங்கிலிப்பாறை ஓடை முதலியவற்றைக் கடந்து செல்கின்றது. காலையில் கணுக்கால் நனையத் தாண்டிய ஓடை, மாலையில் ஆளையே அடித்துச் செல்லும் ஆறாகிவிடும். என்னை? சரிவு செங்குத்தானது, பாறை நீரை உறிஞ்சாது, மேலே பெய்ததெல்லாம் ஒருங்கு திரண்டு குறுகிய ஓடையில் இறங்குகின்றது. நாம் நிற்கும் இடத்தில் ஒரு துளியும் விழவேண்டுவதில்லை. 2015ஆம் ஆண்டு மே மாதம், அமாவாசை வழிபாட்டுக் காலத்தில், இத்தகைய திடீர் வெள்ளத்தில் அடியார் பலர் உயிரிழந்தனர். அது வடகிழக்குப் பருவமழைக்கு மிக முந்திய கோடைக்காலம் என்பதை நினைவிற் கொள்க.

மழைநாளில் வனத்துறையார் வழியை அடைத்தல் நம் உரிமையைத் தடுப்பதாகும் என்பர் சிலர். பட்டாசு ஆலையில் மருந்து கையாள்வோர், இடி முழங்கினால் வேலையை நிறுத்தி வெளியேறவேண்டும் என்பது விதி. அவர்களைக் கோழையர் என இகழ்வார் உண்டோ? மருந்தறைக்கு ஒரு நியாயம், மலைக்கு ஒரு நியாயமோ?

1924ஆம் ஆண்டு ஜூன் 4ஆம் நாள், எவரெஸ்டு மலையில் நார்ட்டன் என்பார் 28,126 அடி உயரத்தை எட்டினார். உச்சிக்கு எஞ்சியது ஆயிரம் அடிக்குச் சற்றுக் குறைவு. பார்வை மங்கியது; பொழுதும் கழிந்தது; அவர் திரும்பினார். நான்கு நாட்களுக்குப் பின் அதே உச்சியை நாடிய மல்லோரியும் இர்வினும் மீளவில்லை. மாண்டவரைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. திரும்பியவரும் வீரரே என்பதே நம் கருத்து. வள்ளுவர் ‘ஊக்கமுடைமை’ வகுத்ததோடு அமையாது, ‘வலியறிதல்’, ‘காலமறிதல்’ என்பவற்றையும் வகுத்தாரன்றோ?

இவ்வாறு கூறுவதால் மலையைத் துறந்து விடுதியில் அடைபட்டிருங்கள் என்று சொல்லவில்லை. 2021 முதல் இக்காடு ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம். அனுமதி பெற்றே செல்லுங்கள். அடிவாரத்துப் பளியர் போன்று காட்டை அறிந்தாரைத் துணைக்கொள்ளுங்கள். விடியலில் ஏறி, பிற்பகல் இடிமழைக்கு முன் இறங்குங்கள். ஓடை கலங்கி இரைந்தால் காலை வையாதீர்கள். மேட்டில் அமர்ந்து, வெள்ளம் வடியுமளவும் காத்திருங்கள்.

எல்லாவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. கூட்டமாகச் செல்லுங்கால், ‘திரும்புவோம்’ என்று முதலிற் சொல்ல ஒவ்வொருவரும் நாணுகின்றனர். தோழர் நகைப்புக்கு அஞ்சி, வெள்ளத்துக்கு அஞ்சாதொழிகின்றனர். ஆதலின், எவர் ஒருவர் திரும்புவோம் என்றாலும் அனைவரும் திரும்புதல் என்று அடிவாரத்திலேயே உறுதி செய்துகொள்ளுங்கள். அவ்வொருவர் அணியில் இளையவராயினும், புதியவராயினும், அவர் சொல்லே அன்று தலைவர் சொல்லாகுக. இவ்வொழுங்கினைக் கைக்கொண்டோரே மலையேறத் தகுதியுடையார் என்பது நம் துணிபு.